முள் காட்டிய அறுபது

கண்ணாடிக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவர் கையால் பவர் பார்த்து மாட்டிவிட்ட கண்ணாடியை இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இன்னொன்று, அவர் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்காரும் மனைவி "மெதுவா போங்க" என்று சொல்வதில்லை. முதலாவதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். இரண்டாவதைப் பற்றி, கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"ஒவ்வொருத்தர் வீட்டுலயும் பாருங்க, வண்டில ஏறினதுலேருந்து நச்சு நச்சுன்னு ஒரே பேச்சு. பிரேக் போடுங்க, லாரி வருது, ஏன் இப்படிப் பறக்கறீங்க. எங்க வீட்டுல பதினஞ்சு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. ஏன்? நம்பிக்கை சார், நம்பிக்கை!"

இதைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் அநியாயம். கண் பார்க்க வந்தவர் தாடையை எந்திரத்தில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, இமைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பார். அப்போது ஆரம்பிப்பார். தாடை மாட்டிக்கொண்ட மனிதர் என்ன செய்வார், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. கார் வாங்கிய முதல் மூன்று வருஷம் அவள் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. ஐம்பதைத் தாண்டினால் "மெதுவா". வளைவு வந்தால் "மெதுவா". எதிரே ஒரு மாடு நின்றால்கூட, அது நகராமல் நின்றாலும், "மெதுவா". அவள் வேலை அப்படி. நகரத்தின் அவசர அழைப்பு மையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் எங்கே விழுந்தாலும், எந்த வண்டி எதில் மோதினாலும், முதலில் அவள் காதில்தான் வந்து விழும். கேட்டதை வீட்டில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவாள்.

அவருக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு மனிதன் எத்தனை தடவைதான் பொறுத்துப்போவான்? ஒவ்வொரு "மெதுவா"வும் தன் மேல் வைக்கப்பட்ட குற்றம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போகும். ஒருநாள் மாலை, ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்.

"என் மேல அவ்வளவு நம்பிக்கை இல்லன்னா பஸ்ல வா."

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கதவைத் திறந்து இறங்கி, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். கல்யாண வீட்டில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் பத்து நாளுக்கு மேல் வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் சின்னப் பெண்ணாக இருந்த மகள் வழியாகத்தான். "அம்மா, அப்பா உப்பு கேக்கறாரு." "உப்பு அங்கயேதான் இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானாக வந்து காரில் உட்கார்ந்தாள். பெரிய சாலை வந்தது. வேக மீட்டரின் முள் ஐம்பதைத் தாண்டியது, அவள் பேசவில்லை. அறுபதைத் தொட்டது, அவள் ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தவில்லை. கூப்பிட்டுக் கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்து அவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கொடுத்த நம்பிக்கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவள் பக்கத்தில் இருக்கும்வரை முள் அறுபதைத் தாண்டாது. அறுபது என்றால் அறுபது, அறுபத்தொன்று கிடையாது.

அந்தச் சட்டத்தை அவர் மீறியதே இல்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஸ்கூட்டரில் போகிற பெண்கள் முந்திக்கொண்டு போவார்கள். ஒரு தடவை டிராக்டர்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, "வண்டியில ஏதாவது கோளாறா அண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தான். "ஜனங்களுக்கு அவசரம் தலைக்கேறிப் போச்சு. அறுபதுல போறதே தப்புங்கற மாதிரி பாக்கறாங்க," என்பார். மனைவி ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் ஊட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார் லட்சம் கிலோமீட்டரைத் தொட்டது. பழைய காலத்து மீட்டர்; ஐந்து எண்கள்தான். ஐந்து ஒன்பதும் ஒன்றாகப் புரண்டு ஐந்து பூஜ்ஜியமாக மாறுவதைப் பார்ப்பதற்காக, கடைசி நாலு கிலோமீட்டரை வேண்டுமென்றே ஊரைச் சுற்றி ஓட்டினார். மாறியதும் ஒரு மரத்தடியில் நிறுத்தி, பிளாஸ்கில் இருந்த டீயை இரண்டு பேரும் குடித்தார்கள். "ஒரு லட்சம்மா! நீயும் நானும்!" என்று அவர் சின்னப்பிள்ளை மாதிரி துள்ளினார். அவள் கைதட்டினாள். அந்தப் பூஜ்ஜியங்களைப் படம் பிடித்துக் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தாடை மாட்டிக்கொண்டவர்கள் அதையும் பார்த்தாக வேண்டும்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகள் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுக்கும்வரை.

போனோடு அதைக் காரில் பொருத்த ஒரு பிடியும் வந்தது. அடுத்த ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, எல்லாருமாகக் கடைவீதிக்குக் கிளம்பிய நாள். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து வழிகாட்டும் வரைபடத்தைப் போனில் போட்டுவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்; நல்ல பிள்ளை, ஆனால் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"மாமா, அறுபதுலயா போறீங்க?"

"அறுபதேதான். முள்ளைப் பாருங்க."

"போன்ல ஐம்பத்திரண்டுன்னு காட்டுதே."

"போனுக்கு என்ன தெரியும்? அது என் சட்டைப் பையில இருக்கற சாமான். சக்கரத்தோட பேசறது முள்ளுதான்."

மாப்பிள்ளை சிரித்தார். "முள்ளு கொஞ்சம் கூடத்தான் காட்டும் மாமா. கம்பெனிக்காரங்களே வேணும்னு அப்படி வெப்பாங்க. டயர் புதுசா இருந்தா ஒரு கணக்கு, தேஞ்சா ஒரு கணக்கு, காத்து குறைஞ்சா இன்னொரு கணக்கு. எது எப்படி ஆனாலும் ஓடற வேகத்தைவிடக் கம்மியா மட்டும் காட்டிடக் கூடாதுன்னு விதி. அதனால எல்லா வண்டிலயும் முள்ளு ரெண்டு மூணு ஏத்தித்தான் சொல்லும். என் வண்டில அறுபதுன்னா போன்ல ஐம்பத்தெட்டு."

"அப்ப என் வண்டிலயும் அதுதானே?"

"உங்க வண்டில எட்டு வித்தியாசம் வருதே. அதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்திருந்த மனைவி குறுக்கே புகுந்தாள். "எட்டோ பத்தோ, பத்திரமா போய்ச் சேர்ந்தா போதாதா? மாப்பிள்ளை, இந்தாங்க ஆரஞ்சு."

கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மண்டை அப்போதே காய ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்ன எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்க விடாத மனிதர். பதினைந்து வருஷமாகத் தன் கண்ணுக்கு எதிரே ஒரு பொய் ஆடிக்கொண்டிருக்கிறது என்றால் தூக்கம் வருமா? திங்கட்கிழமை காலையிலேயே கடையைத் திறக்காமல் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

மெக்கானிக்குக்குப் பொறுமை என்று பேர் விழுந்துவிட்டது. வண்டியைக் கொடுத்துவிட்டு யார் வந்து கத்தினாலும் "பொறுமை சார், பொறுமை" என்பான். வேறு பதில் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தான். ஆனால் இவர் மீட்டர் என்ற வார்த்தையைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்த துணியிலேயே மறுபடியும் மறுபடியும் கையைத் துடைத்தான்.

"டயர் தேஞ்சிருக்கும் சார். மாத்திடலாம்."

"டயர் போன மாசம்தான் நீ மாத்தின."

"அப்ப கேபிள்..."

"பொறுமை, என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

கண்ணைப் பார்த்தே பிழைக்கிற மனிதரிடம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? அவன் மென்று முழுங்கினான். பிறகு காருக்கு அடியில் நகர்ந்து படுத்து எதையோ கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். கட்டைவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம். கிரீஸ் படிந்து பழுத்துப்போயிருந்தது.

"கியர்பாக்ஸ்லேருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் போகும் சார். அது முனையில இது சுத்தும். உங்க வண்டிக்கு இருபது பல்லு இருக்கணும். இதுல பதினெட்டு. வேற மாடலோடது. பல்லு குறைஞ்சா சக்கரம் வேகமா சுத்தும், முள்ளு கூடக் காட்டும். அவ்வளவுதான் விஷயம்."

"இதை எவன் போட்டது?"

"நான்தான் சார்."

"ஏன்டா?"

அவன் தரையைப் பார்த்தான். "அக்கா சொன்னாங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் எந்த அக்கா என்றே விளங்கவில்லை. விளங்கியதும் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பதினஞ்சு வருஷம் ஆச்சு சார். ஒருநாள் தனியா வந்தாங்க. முள்ளு கொஞ்சம் முன்னாடியே அறுபது காட்டற மாதிரி பண்ண முடியுமா தம்பின்னு கேட்டாங்க. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அப்ப அவங்க..." அவன் நிறுத்தினான். "அழுதாங்க சார். எனக்குக் கை ஓடல. செஞ்சுட்டேன். அதோட பழைய சக்கரத்தைத் தூக்கிப் போட மனசு வரல. என்னிக்காவது நீங்க வந்து கேப்பீங்கன்னு வெச்சிருக்கேன்."

அலமாரி உச்சியில் இருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் துழாவி இன்னொரு சக்கரத்தை எடுத்தான். அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டிலும் பல்லை எண்ணினார். அவன் சொன்னது சரிதான்.

"இருபதைப் போடு," என்றார். "பதினெட்டை என்கிட்ட குடு."

நடந்து போயிருந்தால்கூட அன்றைக்கு அவர் சீக்கிரம் வீடு வந்திருப்பார். அப்படி ஊர்ந்து வந்தார். அப்படியானால் அந்தப் பதினைந்து வருஷ நம்பிக்கை? அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தது? தன்னை நம்பி இல்லை. ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை நம்பி. ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தோமே, எத்தனை தாடைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னோமே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. தன் கையில் ஸ்டியரிங் இருந்த ஒவ்வொரு நிமிஷமும் அவள் பயந்துகொண்டேதான் வந்தாளோ என்ற எண்ணம் அவரைப் போட்டு வாட்டியது.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தாள். அவர் கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள், கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"ஸ்க்ரூ லூசா இருக்குங்க, முடுக்கிக் குடுங்க. இன்னிக்கு ஆபீஸ்ல எல்லாரும் வயசு ஆயிடுச்சுன்னு ஒரே புலம்பல். ஒவ்வொருத்திக்கும் வருஷா வருஷம் பவர் ஏறுதாம். நான் சொன்னேன், எனக்குப் பத்து வருஷமா அதே பவர்தான், எங்க வீட்டுக்காரர் கை ராசின்னு. பொறாமையில வெந்து போயிட்டாளுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதல்முதலாகப் படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று அவர் சொன்னபோது, அவள் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். "கிழவியாயிட்டேன் இல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, "கீறல் விழுந்திருக்கு, மாத்தித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போவார். பவரைக் கால் புள்ளி ஏற்றிப் புது வில்லை போட்டுவிடுவார். "அதே பவர்தான்" என்பார். அவளும் போட்டுப் பார்த்து, "கீறல் போனதும் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!" என்பாள். இதுவரை நாலு தடவை. கண்ணாடிக் கடைக்காரன் மனைவியின் கண்ணிலேயே மண்ணைத் தூவிக்கொண்டிருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

அவர் உள்ளே போய், ஸ்க்ரூவை முடுக்கி, வில்லையை ஊதித் துடைத்துக்கொண்டுவந்து கொடுத்தார். கேட்க நினைத்ததையெல்லாம் எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் ஒன்று மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பொய் சொன்னது பரவாயில்லை. என்னை நம்புகிறாளா இல்லையா? அது தெரியாமல் இனிமேல் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். உண்மையான முள், உண்மையான அறுபது; அவள் "மெதுவா" என்கிறாளா என்று பார்த்துவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டார். பிளாஸ்டிக் சக்கரம் சட்டைப் பையில் இருந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினார். நாற்பது, ஐம்பது. வண்டி ஓடுவதே வேறு மாதிரி இருந்தது. மரங்கள் முன்னைவிட வேகமாகப் பின்னால் போயின, ஜன்னலில் காற்றின் சத்தம் மாறியது. இத்தனை வருஷமாக இதையே ஓட்டுகிற அவருக்கே நெஞ்சு லேசாக அடித்துக்கொண்டது. முள் அறுபதில் வந்து நின்றது.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் முதலில் முள்ளைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். மறுபடியும் முள். மடியில் இருந்த ஆரஞ்சு பாதி உரித்தபடி நின்றுவிட்டது. வலது கை மடியில் கிடந்தது. இடது கை கதவுக்கு மேலே இருந்த கைப்பிடிக்குப் போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கால் தானாக முன்னால் அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பது போல. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அவள் உதடு பிரிந்தது. இதோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

அவள் சொல்லவில்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. அவர் பக்கம் திரும்பி, அவர் பார்ப்பது தெரிந்ததும், சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பயத்தில் உயிரே போகிறது. அப்போதும் அவர் முகம் சுண்டிவிடக் கூடாதே என்று சிரிக்கிறாள்.

அவர் காலைத் தளர்த்தினார். முள் இறங்கியது. ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து. ஐம்பத்துநான்கில் நிறுத்தினார். மரங்கள் பழையபடி நடந்தன. மாப்பிள்ளை சொன்ன இரண்டைக் கழித்தால் ஐம்பத்திரண்டு. அவள் இத்தனை வருஷமும் போய்ப் பழகிய வேகம் அதுதான்.

"ஏங்க, என்னாச்சு? ஏன் குறைச்சிட்டீங்க?"

"உன் கை வலிக்குமேன்னுதான்."

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, குற்றம் செய்தவள் மாதிரி மடியில் மறைத்துக்கொண்டாள். அவர் ஒரு மரத்தடி பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து சக்கரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு பஸ் கடந்துபோய்க் கார் லேசாக ஆடியது.

"பொறுமை சொல்லிட்டானா?"

"நான்தான் பிடுங்கினேன். அவன் மேல தப்பில்ல."

"கோபமா?"

"கோபமில்ல. என்னை நம்பவே இல்லையேன்னுதான் வருத்தம். அதுவும் அறுபது ஒரு வேகமா? அதுக்கா இவ்வளவு?"

அவள் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, இதுவரை எதையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வராத அந்த இடத்திலிருந்து முதல்முறையாக ஒன்றை எடுத்துச் சொன்னாள்.

"நாம பேசாம இருந்தோமே, அந்த நாள்ல ஒரு போன் வந்துச்சு. ஒருத்தர். எங்க இருக்கீங்க, யாருக்கு அடிபட்டிருக்குன்னு நான் கேக்கறேன், அவர் பதிலே சொல்லல. 'அறுபதுலதான் மேடம் போனேன், அறுபதுலதான் போனேன்'னு அதையே சொல்லிட்டிருந்தார். பக்கத்துல அவர் சம்சாரம். அந்தம்மா 'மெதுவா'ன்னு சொல்லிச்சாம். இவர் 'சும்மா இரு'ன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீங்க தப்பா ஓட்டுவீங்கன்னு நான் நினைச்சதே இல்லங்க. அறுபதுன்னா எனக்கு அவர் குரல் கேக்கும், அவ்வளவுதான். உங்ககிட்ட 'மெதுவா'ன்னா உங்க முகம் சின்னதா போயிடுது. சொல்லலன்னா எனக்கு உயிர் போயிடுது. என்னதான் செய்யறது? அதான் எனக்குப் பதிலா முள்ளையே சொல்லச் சொல்லிட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க வண்டியே எடுத்திருக்க மாட்டீங்க. உங்களுக்கு எவ்வளவு ஆசை இந்த வண்டி மேல."

அது உண்மைதான். அவர் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஏதோ உறைத்து நிமிர்ந்தார்.

"இரு. பல்லு குறைஞ்சா முள்ளு மட்டுமா கூடக் காட்டும்? கிலோமீட்டரும் கூடத்தானே ஓடும்? அப்ப நாம கொண்டாடின அந்த லட்சம்?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பதறிப்போய்க் கையை விலக்கினால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது லட்சமே இல்லங்க! தொண்ணூறாயிரத்தைத் தாண்டி ஏதோ ஒண்ணு. நீங்க அப்படிக் குதிச்சீங்களா, எனக்குக் கைதட்டறதைத் தவிர வேற வழி தெரியல."

"அதைப் படம் பிடிச்சுச் சட்டம் போட்டுக் கடைல மாட்டியிருக்கேனேடி!"

"தெரியும். அதனாலதான் நான் கடைப் பக்கமே வர்றதில்ல."

அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததில் உரித்த ஆரஞ்சு கீழே உருண்டது. சிரிப்பு அடங்கியபோது அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஓடியிருப்பதையும் சேர்த்தால், உண்மையான லட்சத்துக்கு இன்னும் நாலாயிரம், ஐந்தாயிரம் கிலோமீட்டர் இருக்கும். அவர்கள் ஓட்டுகிற அழகுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். முடிந்துபோனது என்று நினைத்த ஒன்று இன்னும் வரவே இல்லை என்பது அவருக்கு எதனாலோ மிகவும் பிடித்திருந்தது.

"மறுபடியும் பிளாஸ்க்ல டீ போட்டு எடுத்துட்டு வரணும்," என்றார்.

"வரேன். இந்தத் தடவை உண்மையா கைதட்டறேன்." அவள் சக்கரத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "பதினெட்டுப் பல்லு. இவ்வளவு பொடிசு, ஒவ்வொண்ணும் பளிச்சுன்னு தெரியுது பாருங்க. பத்து வருஷமா பவர் ஏறாத கண்ணு!"

அவர் இருமினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

"இதைத் திருப்பிப் போட்டுடலாமாங்க?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம். முள்ளு அது வேலையைப் பாக்கட்டும். உன் வேலையை நீ பாரு."

"என் வேலையா?"

"பயமா இருந்தா சொல்லு. நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்."

"வெச்சுப்பீங்க."

"வெச்சுக்கிட்டா கிள்ளு."

வண்டி மறுபடி கிளம்பியது. ஐம்பத்துநான்கு. பின்னால் ஹாரன் அடித்தார்கள், வழிவிட்டார். அவள் சக்கரத்தைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துவிட்டு, இன்னொரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். கை கைப்பிடிப் பக்கம் போகவில்லை. பாலத்தைத் தாண்டியதும் சாலை இடதுபக்கம் வளைந்தது. அங்கே புளியமரம் மறைத்து எதிரில் வருவது தெரியாது. அவள் ஒரு சுளையைக் கையில் பிடித்தபடி, பதினைந்து வருஷத்துக்கு அப்புறம், சின்னக் குரலில் சொன்னாள்.

"மெதுவாங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வேகத்தைக் குறைத்தார், வளைவைத் தாண்டினார், சுளைக்காக வாயைத் திறந்தார்.